பதினோரு பேர் இறங்கி வந்த வருடம்

பெர்தீதா பள்ளத்தாக்கின் வடக்குச் சுவரில், மூன்று ஆள் உயரத்தில் கொத்தப்பட்டிருந்த பதினோரு பேரும் 1953 மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஒரு முழம் கீழே இறங்கியிருந்தார்கள். அதை முதலில் பார்த்தவள் பெட்ரொனிலா. பள்ளத்தாக்கின் பழைய வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் நடக்கும் பாதையைக் கூட்டுவதற்கும், அவர்கள் பெயர் எழுதும் நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வைப்பதற்கும் அரசாங்கம் அவளை வேலைக்கு வைத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பதினோரு பேரின் தலைக்கு மேலே பாறையில் கிடையாக ஒரு விரிசல் ஓடும். அந்தத் தலைகள் விரிசலை ஒட்டியே இருக்கும், கொடியில் காயப்போட்ட ஈரத்துணியைப் போல. அன்று காலை விரிசலுக்கும் தலைகளுக்கும் நடுவில் ஒரு முழம் வெறும் பாறை தெரிந்தது. அந்த இடம் யாருமே உளி வைக்காததைப் போலக் கறுத்து வழவழப்பாக இருந்தது. பெட்ரொனிலா துடைப்பத்தைக் கீழே வைத்தாள், தன் கையை நீட்டித் தூரத்திலிருந்தே முழம் போட்டு அளந்தாள், மறுபடி துடைப்பத்தை எடுத்துப் பாதையைக் கூட்டி முடித்தாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அந்தப் பதினோரு பேர் யார் என்பதை எங்கள் ஊரான சாந்தா ரூஃபினாவில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனாலும் பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும். எழுநூறு வருடத்துக்கு முன் பள்ளத்தாக்கில் ஊற்றுகள் வற்றியபோது எங்கள் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே கிளம்பினார்கள். நடக்க முடியாத பதினோரு பேரை மீதியிருந்த சோளத்தோடும் இரண்டு பானைத் தண்ணீரோடும் அங்கேயே உட்காரவைத்து, தண்ணீரைக் கண்டதும் ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். தண்ணீர் நாற்பது நாளில் கிடைத்தது. ஆள் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்பதற்கு ஒவ்வொரு குலமும் ஒவ்வொரு காரணம் வைத்திருக்கிறது, எல்லாமே நல்ல காரணங்கள்தான். உட்காரவைக்கப்பட்டவர்கள் காத்திருந்த நாட்களில் எப்படியோ ஏணி கட்டி ஏறி, சுவரில் தங்களைக் கொத்திக்கொண்டார்கள். நடக்க முடியாதவர்கள் தங்களை நடக்கிறவர்களாகக் கொத்தினார்கள்: முதுகில் மூட்டை, கையில் கோல், முன்னே எடுத்து வைத்த கால். எல்லோருடைய முகமும் தெற்கே திரும்பியிருந்தது. முகம் என்றால் இரண்டு புள்ளிகள்தான்.

இரண்டு வாரம் கழித்து மேற்பார்வையாளர் ஹார்ன்பி மாதாந்திரச் சோதனைக்கு வந்தபோது அவர்கள் இன்னும் இரண்டு முழம் இறங்கியிருந்தார்கள். ஹார்ன்பி நல்ல மனிதர், எதையும் அளக்காமல் நம்பமாட்டார். ஏணி வைத்து ஏறி நாடாவால் அளந்தார், பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டார், புகைப்படம் தவறு என்று முடிவு செய்தார். பெட்ரொனிலா அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஊரில்கூட அவள் தன் தம்பி தாச்சோவிடம் மட்டும்தான் சொன்னாள். தாச்சோவிடம் சொன்னதால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அனஸ்தாசியோ என்பது அவன் ஞானஸ்நானப் பெயர், தாச்சோ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. உலகப் போரில் பசிபிக் தீவுகளில் சண்டை போட்டுவிட்டு வந்தவன். பள்ளத்தாக்கின் இடிந்த வீடுகளுக்குக் கல் வைத்துக் கட்டும் அரசாங்க வேலையில் கொத்தனாராக இருந்தான். ஊரில் எந்தத் துக்க வீட்டிலும் சிரிப்புக் காட்டக்கூடியவன் அவன் ஒருவன்தான். ஆனால் அக்கா சொன்னதைக் கேட்டதும் அவன் சிரிக்கவில்லை. மறுநாள் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

அந்த வசந்தம் முழுக்க அவர்கள் வாரத்துக்கு ஒரு முழம் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இறங்குவதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் இமைக்காமல் நின்றாலும் பாறை பாறையாகத்தான் இருக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஒரு முழம் குறைந்திருக்கும். அது மூன்றாவது வருடப் பஞ்சம். சோளம் முளைத்து விரல் நீளத்தில் கருகியது, ஆடுகள் சப்பாத்திக்கள்ளியை முள்ளோடு தின்று வாயில் ரத்தம் ஒழுக நின்றன, ஊர் ஊற்றில் ஒரு வாளி நிறைய அரை மணி நேரம் பிடித்தது. ஆனால் அந்த வருடத்தைப் பற்றிப் பேசும்போது யாரும் தாகத்தைச் சொல்வதில்லை, பயத்தைத்தான் சொல்வார்கள். பெண்கள் வடக்கே பார்த்த கதவுகளுக்குக் கம்பளி தொங்கவிட்டார்கள். துணி உலர்த்தப் போனவர்கள் முதுகைக் காட்டியே உலர்த்தினார்கள். கடைக்காரி எலூதேரியா, வடக்கு ஜன்னலை மறைக்க மாவுமூட்டைகளை அடுக்கி, வெயில் நேரத்திலேயே விளக்கேற்றி வியாபாரம் செய்தாள். அவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சண்டை பிடிக்க வருகிறவனிடம் பேசிப் பார்க்கலாம், பணம் கேட்டு வருகிறவனுக்கு ஏதாவது கொடுத்து அனுப்பலாம். எழுநூறு வருடம் காத்திருந்துவிட்டு வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது?

மே மாதக் கடைசியில் அவர்களுடைய பாதங்கள் தாச்சோவின் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டன. ஊர்த்தலைவர் கசிமிரோ வீட்டில் ஆண்கள் கூடிப் பேசினார்கள். கசிமிரோ கனத்த உடம்புக்காரர், மெதுவாகப் பேசுவார். அன்று அவர் பேசவே இல்லை. மற்றவர்கள்தான் தாச்சோவைப் பார்த்துப் பேசினார்கள்.

"உளி வச்சிருக்கறவன் நீ ஒருத்தன்தானே" என்றார் ஒருவர்.

"உளி இருந்தா? உங்க பல்லையெல்லாம் கொத்திக் குடுக்கவா?"

"கீழ எறங்கி வர்றதுக்குள்ள அழிச்சிட்டா முடிஞ்சு போச்சுடா. வெறும் கீறல்தானே."

"வெறும் கீறல்னா நீங்க போய்க் கீறுங்க மாமா. உளிய நான் தர்றேன்."

ஒருவரும் கை நீட்டவில்லை. தாச்சோ எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு எழுந்தான். மறுநாள் உச்சி வெயிலில் தனியாகப் பள்ளத்தாக்குக்குப் போனான். துணிச்சலால் போகவில்லை என்று பின்னாட்களில் அவனே சொல்வான். இன்னும் ஒரு செவ்வாய்க்கிழமை பொறுத்தால் அவர்கள் கண்ணுக்கு நேர் தன் கண் வந்துவிடும், அதைத் தாங்க முடியாது என்றுதான் போனான். வரிசையில் முதலில் நின்றவரின் இடது காலில் உளியை வைத்தான். மூன்றே அடி. பாதம் முழுக்கப் பொடியாகி உதிர்ந்தது. நான்காவது அடிக்குச் சுத்தியை ஓங்கியபோது தன் இடது பூட்ஸ் நிறைய மணல் இருப்பதை உணர்ந்தான். வலி ஒன்றும் இல்லை.

வீட்டில் பெட்ரொனிலா பூட்ஸைக் கழற்றினாள். ஒரு படி சிவப்பு மணல் கொட்டியது. கணுக்காலுக்குக் கீழே பாதம் மணற்கல்லாக இருந்தது. ஐந்து விரலும், நகமும், சுண்டுவிரல் பக்கத்தில் பழைய தழும்பும் அப்படியே இருந்தன. குதிகாலில் பாறையில் படருமே, அந்த மஞ்சள் பாசி ஒரு காசு அகலத்துக்குப் பிடித்திருந்தது. நகரத்து மருத்துவர் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்தார், ரத்த ஓட்டம் குறைவு என்று எழுதி, தடவிக்கொள்ளத் தைலம் கொடுத்தார்.

"தைலம் தடவுனா கல்லு எளகுமாக்கா?" என்று லாரியில் திரும்பும்போது தாச்சோ கேட்டான்.

"வாய மூடிட்டு வா" என்றாள் பெட்ரொனிலா. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

அவள் மறுநாள் வேலைக்குப் போனபோது பின்னாலேயே பாதி ஊரும் வந்தது, அவர்கள் நின்றுவிட்டார்களா என்று பார்க்க. வரிசையின் முதல் இடத்தில் யாரும் இல்லை. பாதம் இழந்தவர் ஆறாவதாக நின்ற குள்ளமான ஒருவரின் முதுகில் இருந்தார். குள்ளமானவரின் மூட்டையைப் பக்கத்தில் இருந்தவர் வாங்கியிருந்தார், அவர் முதுகில் இப்போது இரண்டு மூட்டை. குள்ளமானவரின் கோல் முன்பைவிடச் சாய்ந்து ஊன்றியிருந்தது, கனம் தெரிந்தது. நடக்க முடியாமல் விடப்பட்டவர்கள், தங்களுக்குள் ஒருவரை விடவில்லை. ரெஃபுஜியா என்றொரு பெண், ஊரில் யாரோடும் ஒத்துப்போகாதவள், முதலில் விம்மினாள். அவளை யாரும் அதட்டவில்லை. திரும்பி நடக்கும்போது எல்லோரும் வேகமாக நடந்தார்கள், ஓடினால் துரத்தும் என்று நாய்க்குப் பயந்தவர்கள் நடப்பதைப் போல.

ஜூன் இரண்டாவது வாரம் அவர்கள் தரையைத் தொட்டார்கள். அதற்குப் பிறகு வடக்குச் சுவர் வெறுமையாக இருந்தது. இரண்டு நாள் ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. மூன்றாம் நாள் ஓடைக்கரையில் யானை அளவுக்குப் பெரிதாகக் கிடக்கும் உருண்டைக் கல்லில் அவர்களைப் பார்த்தார்கள். அடுத்த நாள் சாலை வளைவில் உள்ள பாறையில். அதற்கடுத்த நாள் அரசாங்கம் கட்டிய சிறு பாலத்தின் சிமெண்டில். பள்ளத்தாக்கு வாயிலிருந்து எங்கள் ஊருக்கு எட்டு மைல், கடைசி இரண்டு மைல் வெறும் மணல். ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது. மணலில் அவர்கள் எதில் நடப்பார்கள் என்று சொல்லி ஆண்கள் தைரியம் கொடுத்தார்கள். மின்கம்பங்களை மறந்துவிட்டார்கள். வருகிறது வருகிறது என்று பத்து வருடமாகச் சொன்ன மின்சாரத்துக்காக அந்த பிப்ரவரியில்தான் மணல்வெளியில் நாற்பது கம்பம் நட்டிருந்தார்கள். கம்பி இன்னும் இழுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை பள்ளத்தாக்குப் பக்கமிருந்த முதல் பத்துக் கம்பங்களில், கம்பத்துக்கு ஒருவராக, அவர்கள் நின்றார்கள். பத்துக் கம்பம், பதினோரு பேர்.

வெள்ளிக்கிழமை ஐந்து கம்பம் முன்னால் வந்திருந்தார்கள். அன்று சாயங்காலம் ஊற்றிலும் வாளி போட்டால் சேறுதான் வந்தது. கசிமிரோ ஊரைக் கூட்டி, ஆற்றங்கரை ஊருக்குப் போய்விடலாம், அங்கே நம் உறவுகள் இருக்கிறார்கள், மழை வரும்வரை இடம் கொடுப்பார்கள் என்றார். தண்ணீருக்காகப் போகிறோம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சனிக்கிழமை காலை ஆறு லாரிகள் நின்றன. சோளமும் கம்பளியும் கோழியும் ஏறின. தாச்சோ கோல் ஊன்றிக் கல் பாதத்தை இழுத்துக்கொண்டு வந்து கடைசி லாரியின் படியில் கை வைத்தபோது, மேலே இருந்தவர்கள் நகரவில்லை.

"எடம் இல்ல தாச்சோ" என்றார் அன்று அவன் மாமா என்று கூப்பிட்ட அதே மனிதர்.

"ஆட்டுக்கு எடம் இருக்கு."

"ஆடு யாரு காலையும் வெட்டலடா."

அவன் சிரிக்கப் பார்த்தான். ஏற்கெனவே லாரிக்குள் உட்கார்ந்திருந்த பெட்ரொனிலா எழுந்தாள். "மாமா, அவன அனுப்புனது யாரு? ஊர்த்தலைவர் வீட்ல காப்பி குடிச்சிட்டு அனுப்புனது யாரு?"

"அவன ஏத்துனா அவங்க நம்ம பின்னாடியே வருவாங்க, புள்ள. குழந்தைங்க இருக்கு. யோசிச்சுப் பாரு."

"நீங்க சொல்லுங்க" என்று அவள் கசிமிரோவைப் பார்த்தாள். கசிமிரோ முதல் லாரியின் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தொப்பியின் விளிம்பை ஒரு சுற்றுத் திருப்பினார். பிறகு, "பெட்ரொனிலா, ஒரு பீப்பாய் தண்ணி எறக்கி வச்சிட்டுப் போறோம். சோளமும் இருக்கு. அங்க போய்ச் சேந்து, எடம் பாத்ததும் ஆள் அனுப்புறோம்" என்றார்.

அதைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. ஆறு லாரியிலும் இருந்தவர்கள் காதில் விழுந்தது. ஒரு குழந்தைகூட அழவில்லை. வண்டியோட்டிகளில் ஒருவன் அவசரமாக எஞ்சினைக் கிளப்பினான், சத்தம் வந்தது எல்லோருக்கும் நல்லதாகப் போயிற்று. பெட்ரொனிலா தன் மூட்டையைக் கீழே போட்டாள், பிறகு தானும் இறங்கினாள். லாரிகள் தெற்கே போயின. நாற்பது வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

மூன்று நாள் அக்காவும் தம்பியும் வீட்டு வாசலில் உட்கார்ந்து கம்பங்களை எண்ணினார்கள். நாய்களும் லாரிகளின் பின்னால் ஓடிவிட்டதால் ஊரில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. பெட்ரொனிலா போய் அதைக் கட்டிவிட்டு வந்தாள், அதற்குப் பிறகு அந்தச் சத்தம் இல்லாதது இன்னும் மோசமாக இருந்தது. தாச்சோ முதல் நாள் நிறையப் பேசினான்.

"நீ கெளம்புக்கா. நடந்தே போய்டலாம் நீ. உன் காலு காலாத்தான இருக்கு."

"அறுபது மைல் நடக்கச் சொல்றியா என்ன?"

"இங்க இருந்து என்ன பண்ணப்போற? எனக்காக அவங்ககிட்ட சண்ட போடப்போறியா?"

"நீ உன் வேலையப் பாரு. அந்தச் சுட்ட மொளகாயத் தோல உரி."

"உரிச்சு என்ன, அவங்களுக்கு விருந்தா?"

இரண்டாம் நாள் அவன் குறைவாகப் பேசினான். மூன்றாம் நாள் சாயங்காலம் கம்பங்களில் நின்றவர்கள் வாசலிலிருந்து பார்த்தால் முகப் புள்ளிகள் தெரியும் தூரத்தில் இருந்தபோது, அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் அம்மா இறந்த பிறகு அவன் அப்படிப் பிடித்ததில்லை. "வலிக்குமாக்கா?" என்றான். அவள் தெரியாது என்றாள். பொய் சொல்ல அவளுக்கு அப்போது தெம்பு இல்லை.

நான்காம் நாள் செவ்வாய்க்கிழமை. காலையில் கம்பங்களில் யாரும் இல்லை. பெட்ரொனிலா கதவைத் தாழிடவில்லை, தாழிட்டு என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது. உச்சி வேளையில் அடுப்பில் நீலச்சோளக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். கஞ்சி அடிப்பிடிக்குமே என்று குனிந்து கிண்டிவிட்டு நிமிர்ந்தபோது, எதிர்ச் சுவரின் மண்பூச்சில் ஒருவர் இருந்தார். மறுபடி குனிந்து நிமிர்ந்தால் இருவர். தாச்சோ மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, போரில் கற்ற ஜெபத்தைப் பாதி பாதியாகச் சொன்னான். அவன் கால்சட்டை நனைந்திருந்தது. அவள் கண்ணை எடுக்காமல் இருந்துபார்த்தாள். எடுக்காதவரை யாரும் வரவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் இமைக்காமல் இருக்க முடியும்? ஒவ்வொரு இமைப்புக்கும் ஒருவர் வந்தார். கடைசியாகக் குள்ளமானவர் வந்தார், முதுகில் சுமையோடு. அவள் அடுத்த முறை கண் திறந்தபோது சுமையை அடுப்புக்குப் பக்கத்தில், சூடு படும் இடத்தில் இறக்கி வைத்திருந்தார். பதினோரு ஜோடிப் புள்ளிகளும் அவளையே பார்த்தன.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள் என்று தெரியாது, கஞ்சி தீய்ந்த வாசனை வந்தது. என்ன சொல்லி அவர்களை வரவேற்பது? மன்னித்துவிடுங்கள் என்பது அந்த அறைக்கே போதாத சின்னச் சொல்லாக இருந்தது. அவள் வாயில் கடைசியாக வந்தது, வெயிலில் நடந்து வந்த யாரிடமும் சொல்வதுதான்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

பீப்பாயில் அரையளவுக்கும் கீழேதான் இருந்தது. சுரைக்குடுவையில் மொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தவரின் முகத்துக்கு நேரே சுவரில் சாய்த்தாள். ஒரு சொட்டும் வழியவில்லை. சுவர் குடித்தது. குடிக்கும் சத்தம் கேட்டது, தொண்டை உள்ளவர்கள் குடிக்கும் சத்தம். அவர் மூன்று குடுவை குடித்தார். அடுத்தவர் நான்கு. தாச்சோ ஜெபத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான். பிறகு கல் பாதத்தை இழுத்துக்கொண்டு வந்து இன்னொரு குடுவையை எடுத்தான். அக்காவும் தம்பியும் பீப்பாயின் அடி தெரியும்வரை மொண்டு கொடுத்தார்கள். பதினோராவது ஆளுக்குப் பீப்பாயைச் சாய்த்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. தங்களுக்கு ஒரு வாய்கூட வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ளத் தைரியம் வரவில்லை என்று பெட்ரொனிலா சொல்வாள். தாச்சோ, வெட்டப்பட்ட காலுக்கு நேரே உட்கார்ந்து, "நான்தான் வெட்னேன். பயந்துட்டேன், அதான்" என்றான். அவர்கள் போகவில்லை. எதற்கோ காத்திருந்தார்கள். காத்திருப்பது அவர்களுக்குப் பழக்கம்.

இரண்டு நாள் கழிந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் நாக்கு வீங்கியது. மிளகாய்ச் செடியின் தண்டைக் கடித்து உறிஞ்சினார்கள். பதினோரு பேரின் பார்வையில் இருவரும் ஒரே கம்பளியில் படுத்துக் கிடந்தார்கள், தாகம் கொல்லுமா பயம் கொல்லுமா என்று தெரியாமல். வியாழக்கிழமை மத்தியானம் தெற்கிலிருந்து ஒரு லாரிச் சத்தம் கேட்டது. கசிமிரோ தனியாக வந்திருந்தார், இரண்டு பீப்பாய் தண்ணீரோடு. ஆற்றங்கரை ஊரில் ஐந்து நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை, தான் சொன்ன வார்த்தை தொண்டையில் எலும்பு மாதிரி நின்றது என்று பின்னாளில் அவர் மனைவி சொன்னாள். யாரும் கூட வரத் தயாராக இல்லை. அவரும் வீட்டுக்குள் வரத் துணியாமல் முற்றத்தில் நின்று கூவினார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"பெட்ரொனிலா! தாச்சோ! இருக்கீங்களா? நான் வந்துட்டேன்! வந்துட்டேன் பாருங்க!"

உள்ளிருந்து பதில் வரவில்லை, அவர்களுக்குக் குரல் எழும்பவில்லை. செத்துவிட்டார்கள் என்று நினைத்து அவர் அழுதபடியே உள்ளே நுழைந்தார். சுவரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு ஓடிவிடாமல், முதலில் தாச்சோவின் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தார், அப்புறம் பெட்ரொனிலாவுக்கு. அவருடைய பெரிய உடம்பு முழுக்க வேர்த்திருந்தது. "கோவமா இருக்காங்களா?" என்று கிசுகிசுத்தார்.

"தெரியல" என்றான் தாச்சோ. "நீங்களே கேளுங்க. ஊர்த்தலைவர் நீங்கதானே."

கசிமிரோ அன்று அவர்களோடு தங்கினார், சுவருக்கு முதுகைக் காட்டாமல் உட்கார்ந்தே. மறுநாள் காலையில் பெட்ரொனிலாவின் சுவரில் பாதம் இல்லாதவர் மட்டும் இருந்தார். மற்ற பத்துப் பேரையும் மூவரும் வீடு வீடாகத் தேடினார்கள். ஒருவர் கடைக்காரி வீட்டில், மாவுமூட்டைகள் அடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில். ஒருவர் ரெஃபுஜியா வீட்டில். குள்ளமானவர் கசிமிரோ வீட்டின் படுக்கையறையில். மூட்டைகளை எல்லோரும் இறக்கி வைத்திருந்தார்கள். எந்தக் கணக்கில் அந்த வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஜூலையில் ஊர் திரும்பி வந்தது. பாதிப் பேர் பெட்ரொனிலா முகத்தைப் பார்க்கவில்லை. மாமா என்று அழைக்கப்பட்டவர் ஒரு ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து அவள் முற்றத்தில் கட்டிவிட்டுப் பேசாமல் போனார். சுவரில் ஆள் இருந்த வீட்டுக்காரர்கள் முதல் மாதம் முற்றத்தில் படுத்தார்கள், ஆகஸ்டில் கொசு தாங்காமல் உள்ளே போனார்கள். பஞ்சம் இன்னும் மூன்று வருடம் நீடித்தது. அரசாங்கம் தண்ணீர் லாரி அனுப்பியது. ஒவ்வொரு வீட்டிலும் முதல் குடுவை சுவருக்குப் போயிற்று. ஹார்ன்பி பதினோரு உருவங்களைக் காணவில்லை என்று பெட்ரொனிலாவிடம் வாக்குமூலம் வாங்க வந்தார். அவர்கள் ஊருக்கு வந்துவிட்டதாக அவள் சொன்னாள், காப்பி கொடுத்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் இருந்ததைப் பார்க்காமல், காற்று அரிப்பு என்று எழுதிக்கொண்டு போனார். தாச்சோ 1969-இல் நிமோனியாவில் இறந்தான். கல் அவன் கணுக்காலைத் தாண்டி ஏறவே இல்லை, ஆனாலும் பெட்டியைத் தூக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது. பதினாறு வருடம் அவன் தினமும் சுவரோடு பேசினான். பெரும்பாலும் வம்புதான்.

அவர்கள் ஒரு கெடுதலும் செய்ததில்லை. இருந்தாலும் அந்தப் பதினோரு வீடுகளும் அதற்குப் பிறகு ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. கல்யாணம், சாவு, நகரத்து ஆஸ்பத்திரி எதுவானாலும் ஒரு ஆள் வீட்டில் இருந்தாக வேண்டும். ஆள் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். ஒரே ஒரு தடவைதான் அது தவறியது. 1974 இலையுதிர் காலத்தில், ரெஃபுஜியாவின் மகன் ஃபிளாவியோ வீட்டுக்காரர்கள் யாராவது வீட்டில் இருப்பார்கள் என்று ஒருவரை ஒருவர் நம்பி எல்லோருமாகச் சந்தைக்குப் போய்விட்டார்கள். லாரி பழுதாகி, வருவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அவர்கள் வந்து கதவைத் திறந்தபோது, நடுச்சுவரில் இருந்தவர் கதவுக்குப் பக்கத்துச் சுவருக்கு வந்திருந்தார். மூட்டை மறுபடி முதுகில் இருந்தது. இரண்டு புள்ளிகளும் பாதையைப் பார்த்தபடி இருந்தன. ஃபிளாவியோவின் மனைவி பையைக் கீழே வைத்தாள். "லாரி கெட்டுப் போச்சு, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லி, முகம்கூடக் கழுவாமல் தண்ணீர் கொடுத்தாள். அன்று முழுக்க வீட்டில் யாரும் குரலை உயர்த்திப் பேசவில்லை. சனிக்கிழமைக்குள் அவர் மூட்டையை இறக்கிவிட்டுப் பழைய இடத்துக்குப் போய்விட்டார்.